எல்லைதான் நகர்ந்தது, நாம் நகரவில்லை!

ஏக இறைவனின் திருப்பெயரால்...

 

உங்களிடம் மூன்று கேள்விகள். யாரிடமும் கேட்காமல், செல்போனைத் தட்டிப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும்.

பத்ருப் போரில் நபித்தோழர்கள் எத்தனை பேர்? 313 என்று சட்டென்று சொல்வீர்கள். திப்பு சுல்தான் ஷஹீதானது எந்த ஆண்டு? 1799 என்பீர்கள். பாபரி பள்ளிவாசல் இடிக்கப்பட்டது என்றைக்கு? 1992 டிசம்பர் 6 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். அல்ஹம்துலில்லாஹ்!

இப்போது நான்காவதாக ஒன்று. உங்கள் பாட்டனார் பிறந்தது எந்த ஆண்டு? எந்த ஊர், எந்தத் தெரு? அவருடைய நிக்காஹ் எந்தப் பள்ளிவாசல் தஃப்தரில் பதிவாகியிருக்கிறது?

ஏன் மௌனம்?

சுல்தான்களின் வரலாற்றை மனப்பாடம் செய்த சமுதாயத்துக்குச் சொந்த வீட்டின் வரலாறு தெரியவில்லை. இதைப் பழம்பெருமை பேசும் விஷயம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உங்கள் பேரன் இந்த நாட்டில் யார் என்று நாளை எவரோ ஒருவர் கேட்கும்போது, என்ன பதில் சொல்லப் போகிறோம் என்ற விஷயம் இது.

வீடு மாறாத மனிதர்

இதற்காக அஸ்ஸாமுக்கோ பீகாருக்கோ போக வேண்டியதில்லை. ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் நம் திருத்தணியையே எடுத்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் துணி வியாபாரம் செய்த ஒரு பாயை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அவர் ஒருவரல்ல, எல்லையோர மஹல்லா ஒவ்வொன்றிலும் அவரைப் போல் ஒருவர் இருந்தார். 1932-இல் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிக்காரர்களிடம் துணி எடுப்பார். சந்தைக்குச் சந்தை சுமந்துபோய் விற்பார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் திரளும்போது தெருவோரம் கடை விரிப்பார். அவருக்கு வீட்டில் உருது, பஜாரில் தமிழ், நகரி, புத்தூர் வாடிக்கையாளர்களிடம் தெலுங்கு. எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இவருக்கு ஒரு வரி கிடையாது.

இவர் பிறந்தபோது திருத்தணி எங்கே இருந்தது? சென்னை மாகாணத்தில், 1911-இல் உருவாக்கப்பட்ட சித்தூர் ஜில்லாவில்.

1947-இல் இவருக்கு 15 வயது. நாடு இரண்டாகிறது. சென்னையிலிருந்து பம்பாய் செல்லும் ரயில் பாதை திருத்தணி வழியாகத்தான் போகிறது. ஏறியிருந்தால் பம்பாய், அங்கிருந்து கராச்சிக்குக் கப்பல். வழி அடைபட்டிருக்கவில்லை. இவருடைய தகப்பனார் அந்த ரயிலில் ஏறவில்லை. கடையைத் திறந்து துணியை அளந்துகொண்டிருந்தார். இன்று நம்மைப் பார்த்துப் 'பாகிஸ்தானுக்குப் போ' என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களே, கேளுங்கள்! நீங்கள் இந்த நாட்டில் பிறந்ததால் இங்கே இருக்கிறீர்கள். இவர்களோ பிறந்ததோடு, போவதா இருப்பதா என்ற கேள்வி வந்த நாளில் 'இருக்கிறோம்' என்று முடிவெடுத்தும் இங்கே இருக்கிறார்கள்.

1948 மார்ச் 10. சென்னை ராஜாஜி மண்டபத்தில் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் தலைமையில் கூடியவர்கள், பிரிவினைக்குப் பின்னும் இந்த நாட்டில் முஸ்லிம்கள் தங்களுக்கென்று ஓர் அரசியல் அமைப்போடு, குடிமக்களுக்குரிய எல்லா உரிமையோடும் வாழ்வார்கள் என்று முடிவெடுத்து இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தோற்றுவித்தார்கள். அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த தலைவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அந்த முடிவைத் தன் வாழ்க்கையாலேயே எடுத்த பல்லாயிரம் சாமானியர்களின் பெயர்கள் தெரியுமா?

அதே ஆண்டு செப்டம்பரில் ஹைதராபாத் மீது ராணுவ நடவடிக்கை. அதையொட்டி நடந்த கொலைகளை விசாரித்த பண்டித சுந்தர்லால் குழு, 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கையும் பல பத்தாண்டுகள் மக்கள் கண்ணில் படவில்லை. கவனியுங்கள் சகோதரர்களே! அங்கே எண் இருக்கிறது, பெயர் இல்லை. செத்தவன் யார், என்ன தொழில் செய்தான், யாருடைய மகன் என்று எழுதி வைக்க ஆளில்லை. சாமானியன் செத்தால் எண், வாழ்ந்தாலும் எண்!

1950 ஜனவரி 26. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 5-ஆவது பிரிவு, இந்த மண்ணில் பிறந்து இங்கேயே வாழ்ந்துவந்தவர்களை மனு இல்லாமல், கட்டணம் இல்லாமல், யாருடைய தயவும் இல்லாமல் குடிமக்கள் ஆக்கியது. நம் பாயும் அப்படித்தான் குடிமகன் ஆனார். அன்று யாரும் அவர் மதத்தைக் கேட்கவில்லை.

காலடியில் நகர்ந்த எல்லை

1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் ஜில்லா முழுவதும் அதனோடு போனது, திருத்தணியும் போனது. 21 வயதில் நம் பாய், வீட்டு வாசற்படி தாண்டாமலேயே ஆந்திராக்காரர் ஆகிவிட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ம.பொ.சிவஞானம் தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம். இந்தப் பகுதியில் தமிழ் வளர்த்த மங்கலங்கிழார் போன்றவர்கள் கிராமம் கிராமமாகப் போய் மக்களை எழுப்பினார்கள். மறியல், சிறை, உயிர்ப்பலி. பின்னர் படாஸ்கர் நடுவராக இருந்து, கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பேசுவோர் அதிகம், நிலத்தொடர்ச்சி இருக்கிறதா என்று கணக்குப் பார்த்தார். 1959-இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. நகரி, புத்தூர் அங்கேயே நின்றுவிட்டன.

இந்த வெற்றியில் ஒரு பாடம் இருக்கிறது. தெருவில் இறங்கிய கூட்டம் மட்டும் திருத்தணியை மீட்கவில்லை. கிராமவாரியாக ஏட்டில் இருந்த கணக்கும் சேர்ந்துதான் மீட்டது. கோஷம் போட்டவனுக்குப் பக்கத்தில் கணக்கு வைத்திருந்தவனும் நின்றான். நம் சமுதாயம் கோஷத்தில் குறை வைத்ததில்லை. கணக்கு எங்கே?

அந்தப் பாயின் வீட்டுக்குத் திரும்புவோம். 1958-இல் அவருக்கு ஒரு மகன் பிறக்கிறான். 1961-இல் ஒரு மகள். ஒரே வீடு, ஒரே அறை, ஒரே மருத்துவச்சி. ஆனால் மகன் பிறந்தது ஆந்திரப் பிரதேசத்தில். மகள் பிறந்தது சென்னை மாநிலத்தில்! அந்த மாநிலமும் 1969-இல் தமிழ்நாடு ஆனது. ஜில்லாவோ சித்தூர் போய்ச் செங்கல்பட்டு ஆனது. பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் ஆனது, 1997-இல் திருவள்ளூர் ஆனது. இத்தனை மாற்றத்திலும் அவர் மாறவில்லை. அதே வீடு, அதே பள்ளிவாசல், அதே கடை.

இப்போது மகனின் பழைய பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்த இடம் என்ற இடத்தில் 'திருத்தணி, சித்தூர் ஜில்லா, ஆந்திரா' என்று இருக்கும். அவருடைய இன்றைய அட்டைகளில் 'திருத்தணி, திருவள்ளூர் மாவட்டம், தமிழ்நாடு' என்று இருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான், ஒரே வீடுதான் என்று வடக்கெல்லைப் போராட்டமே கேள்விப்படாத ஓர் இளம் அதிகாரிக்கு யார் எடுத்துச் சொல்வது?

பேரனின் குடியுரிமை பாட்டனின் பெட்டியில்!

'இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு?' என்று கேட்கும் இளைஞனே, சட்டத்தைக் கொஞ்சம் படித்துப் பார்.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்த நாட்டில் பிறந்தவர், பிறந்ததாலேயே குடிமகன். 1958-இல் பிறந்த மகனுக்கு அது போதும். பேரன் 1988-இல் பிறந்தான் என்று வை. சட்டம் திருத்தப்பட்டுவிட்டது, அவன் இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். கொள்ளுப் பேரன் 2012-இல் பிறந்தான் என்று வை. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அவனுக்குத் தாய், தந்தை இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாதிருக்க வேண்டும்.

என்ன புரிகிறது? குழந்தையின் கேள்விக்குத் தகப்பன் பதில் சொல்ல வேண்டும். தகப்பனின் கேள்விக்குப் பாட்டன் பதில் சொல்ல வேண்டும். பாட்டனோ கபுரில் இருக்கிறார். அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தால் கரையான் அரித்த ஒரு பத்திரமும், தெலுங்கில் எழுதிய ஒரு ரசீதும் இருக்கலாம். அதையும் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டோம்!

அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளிவந்த தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். அதில் முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் ஏராளம். அதே ஆண்டு, இந்திய ராணுவத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரே வெளிநாட்டவர் என்று அறிவிக்கப்பட்டுத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. 2024 மார்ச்சில் அதன் விதிகள் வந்தன. மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களில் முஸ்லிம்களை மட்டும் பெயர் சொல்லாமல் ஒதுக்கிய சட்டம் அது. இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகளுக்கும் அதில் இடமில்லை.

2025-இல் பீகாரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தது. வரைவுப் பட்டியலில் ஏறக்குறைய 65 இலட்சம் பெயர்கள் இல்லை. விடுபட்டவர்களின் பெயரையும் காரணத்தையும் வெளியிடு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த விவரம் வெளியே வந்தது. அதே திருத்தம் 2025 நவம்பரில் நம் தமிழ்நாட்டிலும் தொடங்கியது. பழைய பட்டியலில் உன் பெயர் இருந்ததா, இல்லையென்றால் உன் தாய் தந்தையர் பெயர் இருந்ததா என்று படிவம் கேட்டது. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு ஆகியவற்றை நீக்குவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நகரியிலிருந்து திருத்தணிக்கு மருமகளாக வந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுடைய தாய் தந்தை பெயர் இருப்பது ஆந்திரப் பட்டியலில், தெலுங்கு எழுத்தில். அதைத் தேடி எடுத்துக் கொடுக்க அவளுக்கு உதவியது யார்? உங்கள் மஹல்லாவில் உதவினீர்களா?

'நாங்கள் வந்தேறிகளாம்!'

காவி மேடைகளில் ஒரு பழைய பாட்டு உண்டு: முஸ்லிம்கள் வெளியிலிருந்து வந்தவர்களாம். உருது பேசுகிறவன் என்றால் கேட்கவே வேண்டாம்.

திருத்தணியின் பெருமை என்று ஊரே கொண்டாடுவது யாரை? 1888 செப்டம்பர் 5-இல் இவ்வூரில் பிறந்து குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணனை. தெலுங்கு பேசும் குடும்பம் அவருடையது. குடும்பப் பெயர் சர்வேபள்ளி. அவரைத் திருத்தணிக்காரர் என்று தமிழர்கள் பெருமையோடு சொல்கிறோம். சரிதான், சொல்ல வேண்டியதுதான். வீட்டில் தெலுங்கு பேசியவர் திருத்தணிக்காரர் என்றால், வீட்டில் உருது பேசிய துணிக்கடை பாய் மட்டும் எப்படி வெளியூர்க்காரர் ஆவார்? ஒரே அளவுகோலால் அளந்தால் என்ன? துணிக்கடைக்காரர் கூட ஆளுக்கொரு கஜக்கோல் வைத்திருப்பதில்லையே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்கு ஓரிறைக் கொள்கை இருக்கிறது. மலை மேல் நடக்கும் வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. ஆனால் அந்த மலைக்கு வரும் மக்களுக்குத் துணியும் வளையலும் விற்று, தண்ணீர் கொடுத்து, வழி சொல்லி வாழ்ந்தவர்கள் நம் முன்னோர்கள். அயலாருக்குரிய ஹக்கை நிறைவேற்றியவர்கள். 2022-இல் கர்நாடகத்தின் கடலோர மாவட்டங்களில், கோயில் திருவிழாக்களில் முஸ்லிம்கள் கடை போடக் கூடாது என்று தடுத்தார்கள். பல தலைமுறை வியாபார உறவை ஒரே வாரத்தில் அறுக்கப் பார்த்தார்கள். அந்த நச்சுக் காற்று நம் எல்லைக்குள் வரக்கூடாது என்றால், இந்த உறவின் வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும், அவர்கள் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். எழுதாத வரலாறு எப்படித் தெரியும்?

நம் வீட்டுக் குப்பை

எதிரியைச் சாடிவிட்டு உட்கார்ந்துவிட நான் இதை எழுதவில்லை. கொஞ்சம் கண்ணாடியும் பார்ப்போம்.

வியாபாரப் பெருமக்களே! ஒரு ரூபாய் பாக்கி என்றாலும் பேரேட்டில் எழுதுகிறீர்கள். ஐந்து ஆண்டுக்கு முன் எந்த மில்லில் எத்தனை பேல் எடுத்தீர்கள் என்று வரிக் கணக்குக்குக் காட்டுகிறீர்கள். உங்கள் தகப்பனார் எந்த ஆண்டு கடை வைத்தார் என்று ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதியிருக்கிறீர்களா? சரக்குக்குக் கணக்கு, தகப்பனுக்குக் கணக்கில்லையா?

ஜமாஅத் நிர்வாகிகளே! பள்ளிவாசலுக்குக் கிரானைட் பதிக்க வசூல் செய்கிறீர்கள், மினாராவுக்கு வண்ண விளக்குப் போடுகிறீர்கள். நிக்காஹ் தஃப்தர் எங்கே என்று கேட்டால், முன்பிருந்த முத்தவல்லி வீட்டில் இருக்கலாம் என்கிறீர்கள். அவர் வீட்டில் கேட்டால் மழையில் நனைந்துவிட்டது என்கிறார்கள். அந்த தஃப்தரில் மணமகன் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர், வலீ, இரண்டு சாட்சிகள், தேதி எல்லாம் இருந்தன. ஒரு மஹல்லாவின் அறுபது ஆண்டு வரலாறு அது. கிரானைட் கல் சாட்சி சொல்லுமா?

2025-ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் வந்தது. நெடுங்காலப் பயன்பாட்டாலேயே ஒரு இடம் வக்ஃபு ஆகும் என்ற முறைக்கு இனிமேல் இடமில்லை என்றது. பதிவான சொத்துகளின் விவரங்களை ஆறு மாதத்தில் இணையத்தில் ஏற்று என்றார்கள். அப்போதுதான் பல ஜமாஅத்துகள் பீரோவைத் திறந்தன! உயிரோடிருப்பவனிடம் மட்டுமா பத்திரம் கேட்கிறார்கள்? கபுரில் படுத்திருப்பவனிடமும் கேட்கிறார்கள். கேட்பவர்களின் அநியாயத்தை எதிர்ப்போம், நீதிமன்றத்திலும் தெருவிலும் எதிர்ப்போம். ஆனால் நம் அலட்சியத்துக்கு யாரை எதிர்த்துப் போராடுவது?

பெயர்க் குழப்பத்தைச் சொன்னால் சிரிப்பதா அழுவதா தெரியாது. உருதுவில் ஒரு பெயர். அதைத் தெலுங்கு வாத்தியார் கேட்டபடி எழுதினார். தமிழ்க் குமாஸ்தா தமிழில் பெயர்த்தார். கம்ப்யூட்டர்காரர் ஆங்கிலத்தில் தட்டினார். காதர் பாஷா, காதிர் பாட்சா, காதர் பாட்ஷா, கே. பாஷா என்று ஒரே மனிதர் நான்கு பேர் ஆகிவிட்டார். பெண்களுக்கோ கல்யாணத்துக்கு முன் பீ, பின்பு பேகம். இது முஸ்லிம் பெண்களுக்கு மட்டும் வந்த சோதனையும் அல்ல. 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிந்துகொண்ட ஏறக்குறைய 28 இலட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெயரில்லாதவளுக்கு ஓட்டில்லை என்றாகிவிட்டது!

மார்க்கம் என்ன சொல்கிறது?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியும், சாட்சி வைத்துக்கொள்வது பற்றியும்தான் (2:282). சிறியதோ பெரியதோ எழுதச் சலிக்காதீர்கள் என்ற கருத்தும் அதிலேயே இருக்கிறது. காசுக்கே இந்தக் கட்டளை என்றால் மனிதனுக்கு?

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள், இஸ்லாத்தை மொழிந்தவர்களின் பெயர்களைத் தமக்கு எழுதித் தருமாறு கேட்டார்கள். 1500 ஆண்களின் பெயர்கள் எழுதப்பட்டன என்று ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தினார்கள்; மக்களின் பெயர்களைப் பதிய திவான் அமைத்தார்கள். ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆயிரமாயிரம் அறிவிப்பாளர்களைப் பற்றி எழுதி வைத்தார்கள். இவர் எந்த ஊர், யாரிடம் படித்தார், எப்போது மௌத்தானார், நினைவாற்றல் எப்படி என்று தனித்தனியாக எழுதினார்கள். அவர்களில் அரசர்கள் எத்தனை பேர்? எண்ணெய் விற்றவர், துணி விற்றவர், விடுதலை பெற்ற அடிமை ஆகிய சாமானியர்களே ஏராளம். சாமானியனின் வாழ்க்கையை ஒரு கலையாகவே வளர்த்த சமுதாயம் நாம்!

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்த கறுப்பு நிறப் பெண்மணி இறந்தபோது, தோழர்கள் அதைப் பெரிதாக எண்ணாமல் அடக்கிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரைக் காணாமல் விசாரித்தார்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார்கள். கபுரைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுதார்கள். யாரையும் சில்லறையாக எண்ணாத மார்க்கம் இது. நாம்தான் நம் சொந்தப் பாட்டனையே சில்லறையாக எண்ணிவிட்டோம்.

'ஆனால்...' என்பவர்களுக்கு

'எங்களிடம் ஆதார் இருக்கிறது பாய், போதாதா?' என்கிறார்கள் சிலர். ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9-ஆவது பிரிவே சொல்கிறது. அது நீங்கள் இருப்பதைக் காட்டும். நீங்கள் யார் என்று காட்டாது.

'வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்' என்கிறார்கள் வேறு சிலர். தமிழ்நாட்டில் குடிமக்கள் பதிவேடு எடுக்கப்படவில்லை, உண்மை. யாரும் வதந்தியைப் பரப்ப வேண்டாம். மழை வரும் முன் கூரையைச் சரி செய்பவனுக்குப் பயந்தவன் என்று பெயரா, புத்திசாலி என்று பெயரா?

'காகிதம் இருந்தாலும் அநியாயக்காரன் விடுவானா? ராணுவ வீரரையே விடவில்லையே!' என்று கேட்கிறான் ஒரு துடிப்பான தம்பி. நியாயமான கேள்வி. காகிதம் மட்டும் காப்பாற்றாது தம்பி. ஆனால் காகிதம் இல்லாதவனுக்காக வழக்கறிஞர் வாதாடவும் முடியாது; பத்திரிகைக்காரர் எழுதவும் முடியாது; பக்கத்து வீட்டு நல்லவர் சாட்சி சொல்ல வந்தாலும் எதை வைத்துச் சொல்வார்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத் நாம். கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசலாமா?

செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு ஜமாஅத்தும் நிக்காஹ் தஃப்தர், மையித் தஃப்தர் இரண்டையும் தேடி எடுக்க வேண்டும். பக்கம் பக்கமாகப் படமெடுத்து மூன்று இடங்களில் வைக்க வேண்டும். இனி எழுதும் தஃப்தரில் மணமக்களின் பிறந்த தேதி, பிறந்த ஊர், தாயார் பெயர் மூன்றும் கட்டாயம்.

2. வீட்டுக்கு ஒரு நோட்டு. பெரியவர் உயிரோடிருந்தால் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே பிறந்தார், எங்கே படித்தார், 1947-இல் வீட்டில் என்ன பேசினார்கள், ஆந்திரா ஆனபோது என்ன நடந்தது, முதல் ஓட்டு எப்போது போட்டார் என்று கேட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். குரலையும் பதிவு செய்யுங்கள்.

3. எல்லாச் சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே சட்டப்படி திருத்துங்கள். குழந்தை பிறந்தால் பிறப்புப் பதிவில் ஒரு நாளும் தாமதம் வேண்டாம். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை.

4. பெண்களின் காகிதங்களைப் பெண்கள் கையிலேயே கொடுங்கள். மணமுடித்துப் போகும் மகளுக்கு நகை போடுவதற்கு முன், அவளுடைய பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, உங்கள் பெயர் இருக்கும் பழைய வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுங்கள்.

5. பள்ளிவாசலில் வாரம் ஒரு நாள் உதவி மேசை போடுங்கள். அதை முஸ்லிம்களுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். நம் வட்டாரத்து இருளர் மக்களைப் பாருங்கள். இந்த மண்ணுக்கு அவர்களை விட மூத்தவர் யார்? அவர்களில் எத்தனை பேர் ஒரு சாதிச் சான்றிதழுக்காகவே வருடக்கணக்கில் அலைந்தார்கள்! தறிக்காரர், கூலிக்காரர், எல்லைக்கு அப்பாலிருந்து மருமகளாக வந்த இந்துச் சகோதரி, யார் வந்தாலும் படிவம் எழுதிக் கொடுங்கள். நாளை நம் வாசலில் அநியாயம் வந்து நின்றால், இவர் இந்த ஊர்க்காரர்தான் என்று முதலில் சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தான்.

இளைஞனே! 1932-இல் பிறந்த அந்தத் துணிக்கடைக்காரர் எந்தக் கோட்டையையும் கட்டவில்லை, எந்தப் போரையும் நடத்தவில்லை. மூன்று மாநிலப் பெயர்களும் நான்கு மாவட்டப் பெயர்களும் தலைக்கு மேல் மாறிக்கொண்டே இருந்தபோது, நின்ற இடத்தில் நின்று, ஹலாலாகச் சம்பாதித்து, ஐவேளை தொழுது, பிள்ளைகளை வளர்த்து, இதே மண்ணில் அடங்கினார். இந்தியா என்ற தேசம் தலைவர்களின் கையெழுத்தால் மட்டும் உருவாகவில்லை. இவர் போன்றவர்கள் இங்கேயே இருப்பது என்று முடிவெடுத்ததாலும்தான் உருவானது. அந்த முடிவுக்குச் சாட்சியாக நிற்பது உன் கடமை. நீ எழுதவில்லை என்றால் வேறு எவனோ எழுதுவான். அவன் எழுதும் பக்கத்தில் உன் பாட்டன் வந்தேறியாகத்தான் இருப்பார்!

தகரப்பெட்டியைத் திற. நோட்டை எடு. பிஸ்மில்லாஹ் சொல்லி எழுது.

நமக்கு அல்லாஹ்வே போதுமானவன். பொறுப்பேற்பவர்களில் அவனே சிறந்தவன். வஸ்ஸலாம்.